சாவடிக்கு ஓர் ஆள்: சிறிய கட்சிகளின் தொண்டர் பணி

2016 சட்டமன்றத் தேர்தலில் காட்டுமன்னார்கோயில் தனித் தொகுதியில் விடுதலைச் சிறுத்தைகள் தலைவர் தொல். திருமாவளவன் 87 வாக்குகளில் தோற்றார். ஒரு சட்டமன்றத் தொகுதியில் இருநூறுக்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிகள் இருக்கும். இரண்டு மூன்று சாவடிக்கு ஒரு வாக்கு கூடியிருந்தால் முடிவு மாறியிருக்கும். மூன்று ஆண்டுகள் கழித்து சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் அவரே 3,219 வாக்குகளில் வென்றார். ஒரு மக்களவைத் தொகுதிக்குச் சராசரியாக 1,700 சாவடிகள் என்று கொண்டால், அந்த வெற்றி சாவடிக்கு இரண்டு வாக்கு என்ற கணக்கில்கூட வராது. இந்த எண்களைக் கொண்டு ஒரு தோல்விக்கும் ஒரு வெற்றிக்கும் காரணம் கண்டுவிட முடியாது. கூட்டணியும் சாதிக் கணக்கும் அந்தந்த ஆண்டின் அரசியல் காற்றும் இவற்றைவிடப் பெரிய காரணங்கள். ஆனால் ஒரு சிறிய கட்சியின் தலைவிதி எந்த அளவில் முடிவாகிறது என்பதை இவை காட்டுகின்றன. திருப்பூருக்கு வேலைக்குப் போய் வாக்களிக்க ஊர் திரும்பாத ஒரு குடும்பம், பட்டியலில் பெயர் விடுபட்ட ஒரு தெரு, முகவர் இல்லாமல் நடந்து முடிந்த ஒரு சாவடி. அந்த அளவில்தான். ஆகவே என் வாதம் இது: ஒரு சிறிய கட்சி, தன்னிடம் இருக்கும் தொண்டர்களைக் கொண்டு ஆண்டு முழுவதும் எத்தனை சாவடிகளை உண்மையாகவே கவனிக்க முடியும் என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். எத்தனை தொகுதிகளில் நிற்பது, எந்தெந்தத் தொகுதிகளைக் கேட்பது என்பதை அந்த எண்ணிக்கை தீர்மானிக்க வேண்டும். தமிழ்நாட்டில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ். தொகுதிகள் முதலில் முடிவாகின்றன. அவற்றுக்கான ஆட்களைப் பிறகு தேடுகிறார்கள்.

ஆள் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது ஏன் முக்கியம் என்று தெரியும். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 68,000 வாக்குச்சாவடிகள் இருந்தன. பெருந்தொற்றுக் காலத்தில் நடந்த 2021 தேர்தலில் நெரிசலைக் குறைப்பதற்காக அது 88,000-ஐத் தாண்டியது. ஒரு சாவடிக்கு 1,200 வாக்காளர்களுக்கு மேல் கூடாது என்ற வரம்பு 2025இல் வந்திருப்பதால் எண்ணிக்கை இனியும் கூடவே செய்யும். ஒவ்வொரு சாவடிக்கும் ஒரு வேட்பாளர் ஒரு முகவரையும் இரண்டு மாற்று முகவர்களையும் நியமிக்கலாம். ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே இருக்க முடியும். 68,000 சாவடிக்கு மூன்று பேர் என்றால் இரண்டு லட்சம் பேருக்கு மேல் வேண்டும். சாவடியிலிருந்து 100 மீட்டருக்கு அப்பால் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டு உட்காருகிறவர்கள் இதில் சேரவில்லை. ஒரு கட்சி ஆறு தொகுதிகளில் மட்டும் நின்றால் தேவைப்படுகிறவர்கள் ஏறத்தாழ 5,200 பேர். இரண்டு லட்சம் என்பது மாநிலத்தின் இரண்டு பெரிய கட்சிகளுக்கே எளிதில் எட்டாத எண். 5,200 ஒரு சிறிய கட்சியால் முயன்றால் எட்டக்கூடியது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் எங்கே நிற்கிறோம் என்று தலைமைக்குத் தெரியாமலிருப்பதுதான் சிறிய கட்சிகளின் தொண்டர் பணியில் நான் காணும் முதல் பிழை. செயல்வீரர்கள் கூட்டத்துக்கு வந்த தலைகளை எண்ணத் தெரிகிறது. அவர்களில் எத்தனை பேர் வாக்காளர் பட்டியலின் எந்தப் பாகத்தில் இருக்கிறார்கள் என்ற கணக்கு இல்லை.

சாவடிக்குள் உட்காரும் அந்த ஒருவர் என்ன செய்கிறார் என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். காலை ஏழு மணிக்கு வாக்குப்பதிவு தொடங்குகிறது என்றால், ஐந்தரைக்கே மாதிரி வாக்குப்பதிவு. குறைந்தது 50 வாக்குகளைப் போட்டு, எண்ணி, இயந்திரம் சரியாகக் காட்டுகிறதா என்று முகவர்கள் முன்னிலையில் பார்த்து, அவற்றை அழித்துவிட்டு முத்திரை வைக்கிறார்கள். குறைந்தது இரண்டு வேட்பாளர்களின் முகவர்கள் இருக்க வேண்டும். வரவில்லையென்றால் தலைமை அலுவலர் கால் மணி நேரம் காத்திருந்துவிட்டுத் தொடங்கிவிடலாம். அங்கிருந்து மாலை ஆறு மணி வரையும், வரிசை நீண்டால் அதற்குப் பிறகும், வருகிறவர் பட்டியலில் உள்ளவர்தானா என்று பார்ப்பது, ஐயமிருந்தால் இரண்டு ரூபாய் கட்டி மறுப்புத் தெரிவிப்பது, வேறொருவர் முன்பே தன் பெயரில் வாக்களித்துவிட்டார் என்று வந்து நிற்பவருக்கு ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு கேட்டுப் பெற்றுத் தருவது எல்லாம் அவர் வேலை. முடிவில் எத்தனை வாக்குகள் பதிவாயின என்ற கணக்கை 17சி படிவத்தில் தலைமை அலுவலர் எழுதி, அங்கே இருக்கும் ஒவ்வொரு முகவருக்கும் ஒரு நகல் தர வேண்டும். 2024இல் இந்தப் படிவங்களை உடனுக்குடன் பொதுவில் வெளியிட வேண்டும் என்ற கோரிக்கை உச்ச நீதிமன்றம் வரை போனபோது, முகவர்களிடம் நகல் இருக்கிறதே என்பது தேர்தல் ஆணையத்தின் பதில்களில் ஒன்றாக இருந்தது. முகவரை வைத்திருக்கும் கட்சிக்கு அந்தப் பதில் போதுமானதாக இருக்கலாம். முகவரே இல்லாத கட்சியின் கையில் அன்றைய நாளைப் பற்றிய தன் சொந்தச் சான்று ஒன்றுமே இருக்காது.

இந்த வேலைக்கு யார் வருவார்கள்? அரசு ஊழியர் முகவராக இருப்பதை மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 134ஏ பிரிவு குற்றமாக்குகிறது. ஆகவே சிறிய கட்சிகளின் மிகப் படித்த, மிக உறுதியான ஆதரவாளர்களில் ஒரு பகுதியினரான ஆசிரியர்களும் அலுவலக ஊழியர்களும் சாவடிக்குள் உட்கார முடியாது. மிஞ்சுகிறவர்கள் கூலி வேலைக்குப் போகிறவர்கள், சிறு கடை வைத்திருப்பவர்கள், கல்லூரி மாணவர்கள், வழக்கறிஞர்கள், வீட்டிலிருக்கும் பெண்கள். வாக்குப்பதிவு நாளுக்கு ஊதியத்துடன் கூடிய விடுமுறை சட்டத்தில் இருக்கிறது. வாக்கு எண்ணும் நாளுக்கு அப்படி எதுவும் இல்லை. தினக்கூலிக்காரருக்கு இரண்டு நாளும் வருமான இழப்புதான். பெரிய கட்சிகள் 'பூத் செலவு' என்று ஒன்றை ஒதுக்குவது எல்லோரும் அறிந்தது. சட்டமன்றத் தேர்தலில் ஒரு வேட்பாளர் 40 லட்சம் ரூபாய் செலவிடலாம் என்பது உச்சவரம்பு. அதை முழுதாகச் சாவடிகளுக்கே பகிர்ந்தாலும் ஒன்றுக்கு 14,000 ரூபாய்க்கு மேல் வராது. சிறிய கட்சியின் வேட்பாளரிடம் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. ஆகவே அவரது முகவர் பணத்துக்காக வருகிறவராக இருக்க முடியாது. ஆண்டு முழுவதும் அந்தச் சாவடியோடு ஏதோ ஒரு பொறுப்பில் பிணைக்கப்பட்டிருக்கிறவர்தான் விடியற்காலை ஐந்தரை மணிக்கு வருவார். தேர்தலுக்கு இரண்டு வாரம் இருக்கையில் ஒன்றியச் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டுச் சேர்த்தவர் பத்து மணிக்கு வந்து, மத்தியானம் சாப்பிடப் போய், பிறகு திரும்பாமலும் இருக்கலாம். அவரைக் குறை சொல்வதில் பொருளில்லை. அவருக்கு அதற்கு முந்தைய நான்கரை ஆண்டுகளில் கட்சி எந்த வேலையும் கொடுத்திருக்கவில்லை.

அந்த நான்கரை ஆண்டுகளில் என்ன வேலை இருக்கிறது என்று கேட்கலாம். வாக்காளர் பட்டியல் இருக்கிறது. 18 வயது நிறைவடைவதற்கான தகுதி நாள்கள் இப்போது ஆண்டுக்கு நான்கு. பெயர் சேர்க்கப் படிவம் 6, நீக்கக் கோரப் படிவம் 7, திருத்தவும் முகவரி மாற்றவும் படிவம் 8 என்று ஆண்டு முழுவதும் நடக்கும் பணி அது. சிறிய கட்சிகளின் வாக்காளர்கள்தான் பட்டியலிலிருந்து எளிதில் விழக்கூடியவர்கள்: வேலைக்காக இடம் மாறுகிறவர்கள், வாடகை வீட்டுக்காரர்கள், நகரத்துக் குடிசைப் பகுதியிலிருந்து பெரும்பாக்கம், கண்ணகி நகர் போன்ற இடங்களுக்கு மாற்றப்பட்டவர்கள். 2025 நவம்பர் 4ஆம் தேதி தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு, டிசம்பர் 19இல் வெளியான வரைவுப் பட்டியலில் தமிழ்நாட்டில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லாமல் போயின. அதில் பெரும்பங்கு இடம் மாறியவர்கள் என்று குறிக்கப்பட்டவர்கள்; மீதி இறந்தவர்களும் இரட்டைப் பதிவுகளும். எது சரியான நீக்கம், எது தவறான நீக்கம் என்பதை அந்தத் தெருவில் குடியிருக்கும் ஒருவரால்தான் சொல்ல முடியும். இங்கே சட்டமே சிறிய கட்சிகளுக்கு எதிராகச் சாய்ந்திருக்கிறது. பாக முகவர் என்ற, சாவடி வாரியான நிரந்தரப் பிரதிநிதியை நியமிக்கும் ஏற்பாடு அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கே உரியது. அங்கீகாரம் இல்லாத கட்சிக்கு அதிகாரபூர்வமாக ஒரு சாவடியில் ஆள் இருப்பது வேட்புமனுவுக்குப் பிறகுதான். வாக்காளர் பட்டியலின் இலவசப் பிரதிகள் இல்லை, வேட்புமனுவை முன்மொழிய ஒருவருக்குப் பதில் பத்துப் பேர் வேண்டும், நட்சத்திரப் பேச்சாளர்கள் நாற்பதுக்குப் பதில் இருபதுதான். இருந்தாலும் அங்கீகாரமற்ற கட்சியின் தொண்டர் தன் தெருவின் விடுபட்ட பெயர்களைக் கணக்கெடுத்து, ஒவ்வொருவரையும் தன் கையெழுத்தில் விண்ணப்பிக்கச் செய்வதை எந்த விதியும் தடுக்கவில்லை. அது ஓசையில்லாத வேலை. மேடையில் யாரும் பாராட்டாத வேலை. அதனாலேயே அதற்கென்று ஒரு பொறுப்பாளரும் ஒரு பதிவேடும் கட்சியில் இருக்க வேண்டும்.

சின்னம் இன்னொரு சுமை. நிலையான சின்னம் உள்ள கட்சியின் தொண்டர் வாக்காளரிடம் பேச வேண்டியது ஏன் வாக்களிக்க வேண்டும் என்பதை மட்டும். மற்றவர் எதில் வாக்களிக்க வேண்டும் என்பதையும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். விடுதலைச் சிறுத்தைகள் 2016இல் மோதிரம் சின்னத்தில் நின்றது. 2019இல் சிதம்பரத்தில் பானை, விழுப்புரத்தில் தோழமைக் கட்சியின் உதயசூரியன். 2024இல் பானை கிடைக்குமா என்பது வேட்புமனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளான மார்ச் 30 வரை இழுபறியாக இருந்தது. வாக்குப்பதிவு ஏப்ரல் 19. பரப்புரை அதற்கு இரண்டு நாள் முன்பே முடிந்தது. நாம் தமிழர் கட்சி 2016இல் இரட்டை மெழுகுவர்த்தி, 2019இலும் 2021இலும் கரும்பு விவசாயி, 2024இல் அந்தச் சின்னம் வேறொரு கட்சிக்குப் போனதால் ஒலிவாங்கி என்று மாறி மாறி நின்றது. ஒரு சின்னத்தைச் சில வாரங்களுக்குள் லட்சக்கணக்கான வீடுகளுக்குக் கொண்டுபோவது மனித உழைப்பு. சிறிய கட்சியின் தொண்டர் நேரத்தில் பெரும்பகுதி இப்படி ஒவ்வொரு முறையும் சுழியத்திலிருந்து தொடங்குவதில் கரைகிறது.

இங்கேதான் என் வாதத்துக்கு எதிரான வலுவான மறுப்பு எழுகிறது. எல்லாத் தொகுதிகளிலும் நின்றதால்தானே நாம் தமிழர் கட்சி அங்கீகாரம் பெற்றது? 2016இல் ஒரு விழுக்காட்டை ஒட்டிய வாக்கு, 2019இல் நான்கை நெருங்கியது, 2021இல் ஆறரை, 2024இல் எட்டைத் தாண்டியது. ஓர் இடம்கூட வெல்லாத கட்சிக்கும் எட்டு விழுக்காடு இருந்தால் மாநிலக் கட்சி என்ற தகுதி உண்டு என்பது சின்னங்கள் ஆணையின் ஒரு வழி. அந்த வழியில் அது வந்தது. சாவடிக் கணக்குப் பார்த்து ஐம்பது தொகுதியில் மட்டும் நின்றிருந்தால் இது நடந்திராது. இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தன் ஊரில் தன் கட்சியின் வேட்பாளர் நிற்பதும், அந்த வேட்பாளர்களில் சரிபாதி பெண்களாக இருப்பதும் தொண்டர்களைக் கட்சியோடு பிணைத்து வைத்தன. ஆனால் அந்த வழியின் விலையையும் பார்க்க வேண்டும். 2010இல் தொடங்கிய கட்சிக்கு இது நான்கு பொதுத் தேர்தல்கள் எடுத்தது. கிடைத்தது ஒரு சின்னமும் சில சலுகைகளும். சட்டமன்றத்திலோ மக்களவையிலோ ஓர் இடமும் இல்லை. இன்னொரு பக்கம் விடுதலைச் சிறுத்தைகள் 2016இல் மக்கள் நலக் கூட்டணியில் 25 தொகுதிகளில் நின்று எதையும் வெல்லவில்லை. 2021இல் ஆறு தொகுதிகளில் நின்று நான்கை வென்றது, 2024இல் இரண்டு மக்களவை இடங்களை வென்று அதே அங்கீகாரத்தை அடைந்தது. 2016இல் 87 வாக்கில் நழுவிய காட்டுமன்னார்கோயிலைக் கட்சி 2021இல் 10,000 வாக்குகளுக்கு மேல் வித்தியாசத்தில் பெற்றது. இதில் திமுக கூட்டணியின் பங்குதான் பெரியது, மறுப்பதற்கில்லை. ஆகவே இரண்டு வழிகளில் ஒன்றுதான் சரி என்று நான் சொல்லவில்லை. 234 தொகுதியிலும் நிற்பதென்று முடிவு செய்த கட்சிக்கும், அவற்றில் எந்த 3,000 சாவடிகளைத் தன் கண்ணாகக் காப்பது என்ற இரண்டாவது முடிவு தேவை. அந்த இரண்டாவது முடிவு இல்லாவிட்டால் தொண்டர்களின் உழைப்பு மாநிலம் முழுவதும் மெல்லியதாகப் பரவி எங்கும் தடிக்காமல் போகிறது.

கூட்டணி வழியிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. அதை நான் இன்னும் கவலையோடு பார்க்கிறேன். பெரிய கட்சியின் பூத் கமிட்டி இருக்கிறதே, நமக்கு எதற்குத் தனியாக என்ற எண்ணம் தோழமைக் கட்சிகளில் பரவலாக உண்டு. தேர்தல் நாளன்று அது வேலை செய்யலாம். சட்டப்படி சாவடி முகவர் வேட்பாளரின் முகவர். எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் வேட்பாளர் கையெழுத்திட்ட படிவம் 10 அவரிடம் இருந்தால் போதும். ஆனால் தேர்தல் முடிந்ததும் அந்த மனிதரும், அவருக்குத் தெரிந்த வீடுகளும், எந்தத் தெருவில் யார் வந்தார்கள் யார் வரவில்லை என்ற அறிவும் பெரிய கட்சியோடு போய்விடுகின்றன. ஐந்தாண்டுகள் ஒரு தொகுதியில் சட்டமன்ற உறுப்பினரை வைத்திருந்த சிறிய கட்சி, அடுத்த பங்கீட்டில் அந்தத் தொகுதி மாறினால் அங்கே வெறுங்கையோடு நிற்கிறது. ஆறு தொகுதிகளில் நிற்கும் கட்சிக்கு மற்ற 228 தொகுதிகளின் நிலை இதைவிடக் கடினம். அங்கே சிறிய கட்சியின் தொண்டர் தன் கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு வேறொரு சின்னத்துக்கு வாக்குக் கேட்கிறார். ஒரு முறை செய்வார், இரண்டு முறை செய்வார். ஒவ்வொரு தேர்தலிலும் இதுவே நடந்தால் அவருக்கு அந்தப் பெரிய கட்சியிலேயே சேர்ந்துவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. பலர் அப்படிப் போயிருக்கிறார்கள்.

பணத்தின் முன்னால் இந்தத் தொண்டர் கணக்கெல்லாம் எடுபடுமா என்பது அடுத்த மறுப்பு. 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017இல் ஆர்.கே. நகரிலும், 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தலே நிறுத்தப்பட்ட மாநிலம் இது. வீட்டுக்கு இவ்வளவு என்று கொடுக்கிறவர்களோடு துண்டறிக்கை கொடுக்கிறவர் எப்படிப் போட்டியிடுவார்? இதற்கு முழுமையான விடை என்னிடம் இல்லை. யாரிடமும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் பணப் பட்டுவாடா எப்படி நடக்கிறது என்று பார்த்தால் அதுவும் சாவடி வேலைதான். பாகப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, வீடு வீடாக, வாக்கு எண்ணிக்கையைத் தெரிந்துகொண்டு செய்யப்படுவது. பெரிய கட்சியின் பலம் பணத்தில் மட்டும் இல்லை; அந்தப் பணத்தைக் கொண்டுசேர்க்கத் தெரிந்த தெருவாரியான அறிவிலும் இருக்கிறது. சிறிய கட்சியால் பணத்தைப் பெற முடியாது, அறிவைப் பெற முடியும். பணம் வாங்கியவர் எல்லோரும் கொடுத்தவருக்கே வாக்களிப்பதில்லை என்பதும் தமிழ்நாட்டுத் தேர்தல் முடிவுகளில் மீண்டும் மீண்டும் தெரிகிறது. வாங்கிய பிறகும் மாறி வாக்களிக்கும் துணிவு, பெரும்பாலும் தன் தெருவில் தனக்குத் தெரிந்த, ரேஷன் அட்டைக்கும் முதியோர் ஓய்வூதியத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்குத் தன்னோடு வந்த ஒருவரின் முகத்தைப் பார்த்து வருவது.

சிறிய கட்சிகள் தேர்தல் இயந்திரங்கள் இல்லையே, அவை இயக்கங்கள். சாவடியைச் சொல்லி அவற்றின் போராட்டக் குணத்தை மழுங்கடிக்கிறீர்கள் என்று ஒரு மறுப்பு. இதை நான் மிகவும் மதிக்கிறேன். சாதி வன்கொடுமை நடந்த ஊருக்கு முதலில் போகிறவர்கள், துப்புரவுப் பணியாளர்களின் போராட்டத்தில் உட்காருகிறவர்கள், நிலம் பறிபோகும் கிராமத்தில் சாலையை மறிக்கிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். அப்படிப்பட்ட தொண்டர் மீது விழும் வழக்குகளும் ஏராளம். சட்டவிரோதமாகக் கூடியது, வழியை மறித்தது என்று பதிவாகும் ஒரு வழக்கு, அந்த இளைஞர் பின்னால் கடவுச்சீட்டுக்கோ அரசு வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது குறுக்கே வந்து நிற்கிறது. தொண்டர் பணியை நடத்துகிறவர் அந்த வழக்குகளின் பட்டியலையும், எது எந்த நீதிமன்றத்தில் இருக்கிறது, யார் ஆஜராகிறார் என்பதையும் சாவடிப் பதிவேட்டுக்கு இணையாக வைத்திருக்க வேண்டும். ஆர்ப்பாட்டத்துக்கு அழைத்த கட்சி வாய்தாவுக்கு வரவில்லையென்றால் அந்த இளைஞர் அடுத்த ஆர்ப்பாட்டத்துக்கு வரமாட்டார்; வர வேண்டும் என்று எதிர்பார்க்கவும் கட்சிக்கு உரிமையில்லை. போராட்டமும் சாவடியும் ஒன்றுக்கொன்று எதிரி என்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. திமுக 1949 செப்டம்பர் 17இல் ராபின்சன் பூங்காவில் தொடங்கப்பட்டபோது அதுவும் சிறிய கட்சிதான். 1952 தேர்தலில் அது போட்டியிடவில்லை. படிப்பகங்களும் நாடகமும் பொதுக்கூட்டமும் போராட்டமுமாக ஏழு ஆண்டுகள் கழிந்தபின், 1956 திருச்சி மாநாட்டில் தேர்தலில் நிற்கலாமா என்று வந்திருந்தவர்களிடமே பெட்டி வைத்து வாக்குக் கேட்டது. 1957இல் 15 இடங்கள், 1962இல் 50. அந்தப் படிப்பகங்கள் தேர்தலுக்காகத் திறக்கப்பட்டவை இல்லை. ஆனால் தேர்தல் வந்தபோது ஒவ்வொரு ஊரிலும் தினமும் கூடிப் பழகிய பத்துப் பேர் அங்கே இருந்தார்கள்.

ரசிகர் மன்றங்களிலிருந்து பிறந்த கட்சிகளை இந்தக் கோணத்தில் பார்க்கலாம். 2005இல் தொடங்கிய தேமுதிக அடுத்த ஆண்டே எட்டு விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பெற்றதற்கு, ஊர்தோறும் ஏற்கெனவே இருந்த மன்றங்கள் பெரிய காரணம். 2011இல் 29 இடங்களுடன் எதிர்க்கட்சியான கட்சி, 2021இல் அரை விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. தலைவரின் உடல்நலம், கூட்டணி முடிவுகள் எனப் பல காரணங்கள் உண்டு. மன்றத்தின் பற்று ஒரு மனிதரின் மீது இருந்தது. அதைச் சாவடியின் மீதான பொறுப்பாக மாற்ற நேரமும் பொறுமையும் செலவிடப்படவில்லை என்பதையும் அவற்றோடு சேர்த்தே பார்க்கிறேன். மக்கள் நீதி மய்யத்தின் தலைவர் 2021இல் கோவை தெற்கில் 1,728 வாக்குகளில் தோற்றார். மாநிலத்தின் பெரும்பாலான தொகுதிகளில் போட்டியிட்ட கட்சியின் மொத்த வாக்கு மூன்று விழுக்காட்டைத் தொடவில்லை. இதற்கு நேர்மாறானது கம்யூனிஸ்டுக் கட்சிகளின் முறை. கிளை என்ற சிறிய அலகு, ஆண்டுதோறும் உறுப்பினர் புதுப்பிப்பு, வருமானத்திற்கேற்ற லெவி, முழுநேர ஊழியர்கள், குறித்த காலத்தில் கிளையிலிருந்து மேல்நோக்கி நடக்கும் மாநாடுகள். 2016இல் இரண்டு கட்சிகளும் ஓர் இடமும் பெறாமல் போனபோதும் கிளைகள் கலையவில்லை. அடுத்த வாய்ப்பு வந்தபோது வேலையைத் தொடர முடிந்தது. இந்த முறைக்கும் வரம்பு உண்டு. கிளைகள் எங்கே இருக்கின்றன என்பது பழைய ஆலைகளும் பழைய விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் இருந்த வரைபடத்தைத்தான் பெரிதும் பின்பற்றுகிறது; புதிய புறநகர்களில் அவை மெலிந்திருக்கின்றன. ஆனால் உறுப்பினர் என்றால் யார் என்பதை ஆண்டுக்கு ஒரு முறை கேட்டுக்கொள்ளும் அந்தப் பழக்கத்தை எந்தச் சிறிய கட்சியும் இன்றே எடுத்துக்கொள்ளலாம். அதற்குச் செலவில்லை.

தொண்டர்களைச் சாவடி அளவில் வளர்க்க இயற்கையான நாற்றங்கால் உள்ளாட்சித் தேர்தல். கிராம ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. சில நூறு வாக்காளர்களிடம் தன் பெயரைச் சொல்லி நிற்க வேண்டும். சின்னமும் பணமும் இல்லாத கட்சியின் இளைஞருக்கு இதைவிடச் சமமான களம் வேறு இல்லை. அந்தக் களமே அடிக்கடி மூடிக்கிடக்கிறது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பரில்தான், அதுவும் 27 மாவட்டங்களில் மட்டும் நடந்தது. மீதமிருந்த ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில், நகர்ப்புறங்களுக்கு 2022 பிப்ரவரியில். பெரிய கட்சிகளுக்கு இந்த இடைவெளி ஓரளவு வசதியாகக்கூட இருக்கும். சிறிய கட்சிகளுக்கு அது ஒரு தலைமுறைத் தொண்டர்களின் பயிற்சி இழப்பு. உள்ளாட்சித் தேர்தலை உரிய காலத்தில் நடத்தக் கோருவதை அவை தம் முதன்மைக் கோரிக்கைகளில் ஒன்றாக வைக்காதது எனக்கு வியப்பாக இருக்கிறது. பொது இடங்களில் உள்ள கட்சிக் கொடிக்கம்பங்களை அகற்ற 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது பல கட்சிகள் கவலைப்பட்டன. அந்தக் கவலை நியாயமானது, ஒரு சேரியின் முனையில் நிற்கும் கொடி அங்குள்ளவர்களுக்குத் தன்மானத்தின் அடையாளம். அந்தக் கவலையில் பாதி, வார்டுத் தேர்தல் நடக்காமல் போன ஆண்டுகளைப் பற்றியும் எழுந்திருக்க வேண்டும்.

நடைமுறையில் எங்கிருந்து தொடங்குவது? தேர்தல் முடிந்தபின் வெளியிடப்படும் படிவம் 20இல் ஒவ்வொரு சாவடியிலும் ஒவ்வொரு வேட்பாளரும் பெற்ற வாக்குகள் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காசு வேண்டாம். தனித்து நின்ற கட்சிக்கு அது தன் ஊர்வாரிக் கணக்கு. அதை வைத்து, வாக்கு இருந்தும் ஆள் இல்லாத சாவடி எது, ஆள் இருந்தும் வாக்கு இல்லாத சாவடி எது என்று பிரித்துவிட்டாலே வேலையின் பாதி முடிந்தது. முதல் வகைக்கு ஆள் தேட வேண்டும். இரண்டாம் வகையில் உள்ள ஆள் என்ன வேலையில் இருக்கிறார் என்று கேட்க வேண்டும். பெண்களை மகளிர் அணிக் கூட்டத்துக்கு மட்டும் அழைப்பதை நிறுத்தி, சாவடிப் பொறுப்பில் அமர்த்த வேண்டும். பகலில் தெருவில் இருப்பவர்கள் அவர்கள்; வீட்டுக்குள் அழைக்கப்படுகிறவர்களும் அவர்கள். அதிகாலை ஐந்து மணிக்குச் சாவடிக்கு வர அவர்களுக்கு வண்டி ஏற்பாடு செய்வதும் உள்ளே கழிப்பறை இருக்கிறதா என்று முன்கூட்டிப் பார்த்துவைப்பதும் தொண்டர் பணியை நடத்துகிறவரின் பொறுப்பு. எண்ணிக்கை அரங்குக்கு அனுப்புகிறவரைத் தனியாகப் பயிற்றுவிக்க வேண்டும். 2016இல் ராதாபுரத்தில் 49 வாக்குகளில் முடிவான தேர்தலில் தகராறு எழுந்தது தபால் வாக்குகளில்: தலைமையாசிரியர் சான்றளித்தவை செல்லுமா செல்லாதா என்று. மறு எண்ணிக்கைக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட 2019 ஆனது. வேட்பாளர் பெரிய கட்சியைச் சேர்ந்தவர், அவரால் வழக்கை நடத்த முடிந்தது. சிறிய கட்சியின் முகவர் அந்த மேசையில் அந்த நிமிடமே எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். பின்னால் மூன்றாண்டு வழக்காடும் வசதி அவருக்கு இல்லை.

இவை எல்லாம் தொகுதிப் பங்கீட்டு மேசைக்கு வந்து சேர வேண்டும். இன்று சிறிய கட்சி அங்கே கொண்டுபோவது கடந்த தேர்தலின் வாக்கு விழுக்காடும், ஒரு சமூகத்தின் மக்கள்தொகைக் கணக்கும், தலைவரின் செல்வாக்கும். அவற்றோடு, எந்தத் தொகுதியில் எத்தனை சாவடிகளில் தனக்குப் பெயரும் தொலைபேசி எண்ணும் உள்ள பொறுப்பாளர் இருக்கிறார் என்ற பட்டியலும் போக வேண்டும். கேட்கும் தொகுதிகள் அந்தப் பட்டியலிலிருந்து வர வேண்டும். இடங்களின் எண்ணிக்கை மட்டும் ஒப்பந்தத்தில் இருந்தால் போதாது. ஒதுக்கப்பட்ட தொகுதியின் ஒவ்வொரு சாவடியிலும் மூன்று முகவர்களில் குறைந்தது ஒருவர் போட்டியிடும் கட்சிக்காரராக இருப்பார், 17சி நகல் அவர் வழியாக அந்தக் கட்சிக்கு வரும் என்பதும் எழுதப்பட வேண்டும். தோழமைக் கட்சி நிற்கும் மற்ற தொகுதிகளில் தன் தொண்டர்களுக்கு இன்ன இன்ன சாவடிகள் முழுப் பொறுப்பாகத் தரப்படும் என்பதையும் அதில் சேர்க்க வேண்டும். பெரிய கட்சி இதை மறுக்கக் காரணமில்லை. ஆள் கிடைப்பது அதற்கும் நல்லது. கேட்பதற்குத்தான் யாராவது வேண்டும். பேச்சுவார்த்தைக் குழுவில் தலைவருக்கும் பொதுச் செயலாளருக்கும் பக்கத்தில், சாவடிப் பதிவேட்டை நடத்தும் அந்த ஒருவருக்கும் ஒரு நாற்காலி போட்டால் அவர் கேட்பார்.